‘சி.ஜி.யில் பார்த்துக்கொள்ளலாம்’

2008 மே மாதம் ‘அயர்ன் மேன்’ வெளியானபோது, கதை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பட்டியலுக்குப் பிறகு ஒரு சிறு காட்சி ஒளிந்திருந்தது. அந்தச் செய்தி பரவியதும் புதுப் பழக்கம் ஒன்று பிறந்தது. அதை எடுத்த மார்வெல் நிறுவனத்தின் அடுத்தடுத்த படங்களில், கடைசிப் பெயர் மறையும்வரை ரசிகர்கள் இருக்கையை விட்டு எழவில்லை. சூப்பர் ஹீரோ படங்களால் திரைத்துறையில் வந்த மாற்றங்களில் எனக்கு முழுமனதாகப் பிடித்தது இது ஒன்றுதான். வேறு எதற்காகவோ காத்திருந்தார்கள் என்றாலும், தச்சர், தையற்காரர், விளக்கு தூக்கியவர், கணக்கு எழுதியவர் என்று ஆயிரக்கணக்கான பெயர்களை மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பின்னாளில், நான் வேலை செய்த முதல் பெரிய படம் வந்தபோது என் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓடுகிற எழுத்துகளோடு மல்லுக்கட்டினார். எங்கள் நிறுவனத்தின் பெயர் வந்தது. அதன் கீழே இருபது, முப்பது பெயர்கள் வந்தன. என் பெயர் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பெயர்தான் என்று தயாரிப்புத் தரப்பு ஒதுக்கும். அதற்குமேல் இருப்பவர்கள் படத்தில் இருப்பார்கள், பட்டியலில் இருக்கமாட்டார்கள். “அடுத்த படத்தில் வரும் அம்மா” என்றேன். அதற்கடுத்த படத்திலும் வரவில்லை.

சென்னையில் பதினான்கு ஆண்டுகளாக விஷுவல் எஃபெக்ட்ஸ், அதாவது படம் பிடித்த பிறகு கணினியில் காட்சியை மாற்றும் சி.ஜி. வேலையில் இருக்கிறேன். ரோட்டோவில் தொடங்கி, இப்போது தனித்தனிப் படத்துண்டுகளை ஒரே காட்சியாக இணைக்கும் கம்பாசிட்டிங் பிரிவை மேற்பார்வை செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்ததும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். “பையன் மார்வெல் படம் என்றால் உயிரை விடுகிறான், இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?” என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிடப் பேச்சில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள். என்னிடம் வந்த ஒரு ஷாட்டில் மொத்தம் 118 பிரேம்கள். ஐந்து நொடிகூட இல்லை. (எங்கள் துறையில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது, 1001இல் தொடங்கும், ஆக 1001 முதல் 1118 வரை.) கூரை மேல் நாயகன் நிற்கிறான், பின்னால் அவனுடைய அங்கி காற்றில் படபடக்கிறது. பின்னணியில் பச்சைத் துணி கட்டியிருந்தால் கணினி அந்தப் பச்சையை நீக்கிக் கொடுத்துவிடும். கட்டவில்லை. அவசரம், காற்று, வெளிச்சம் போய்விடும் என்ற பயம். காரணம் எதுவாகவும் இருந்திருக்கலாம். அப்போது உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஒரே வழி, அதன் ஓரத்தைக் கையால் வரைவது. அதற்குப் பெயர்தான் ரோட்டோ.

உருவத்தைச் சுற்றி ஒரே கோடாகப் போட்டால் வேலை கெடும். முன்கை தனி, மேற்கை தனி, தலை தனி, அங்கியின் ஒவ்வொரு மடிப்பும் தனி. அசைவு எங்கே திரும்புகிறதோ அந்தப் பிரேமில் முதலில் வடிவத்தைப் பொருத்த வேண்டும். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒன்று, அதற்கும் நடுவில் ஒன்று என்று பிளந்துகொண்டே போக வேண்டும். புள்ளிகள் அதிகமானால் ஓரம் புழு நெளிவதுபோல் நெளியும். வேகத்தில் கலங்கிய ஓரத்துக்குக் கலங்கலையும் வரைய வேண்டும். எல்லாவற்றிலும் கொடுமை தலைமுடி.

இந்த ஷாட்டைப் பிடித்த பையன் மூன்று நாளில் அழகாக முடித்தான். பின்னணி இரவு வானம். கருப்புக்கு மேல் கருப்பு முடி என்பதால், இழைகளைக் கொத்தாக வரைந்தாலே போதுமாக இருந்தது. அனுப்பினோம், ஒப்புதலும் வந்தது. பத்து நாள் கழித்து ஒரு மின்னஞ்சல்: காட்சி இப்போது விடியற்காலையில் நடக்கிறது. அவ்வளவுதான் செய்தி. கதையில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். எங்களுக்கு அதன் பொருள், வெளுத்த வானத்துக்கு எதிரே ஒவ்வோர் இழையும் கம்பிபோல் துருத்திக்கொண்டு தெரியும் என்பது. 118 பிரேமும் முதலிலிருந்து. பையன் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

இயக்குநர் மனம் மாறுவது சினிமாவில் எப்போதும் உண்டு. சூப்பர் ஹீரோ படங்கள் கொண்டுவந்தது வேறொன்று. படம் பிடிப்பதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளைப் படம் பிடித்து முடித்த பிறகும் எடுக்கலாம் என்ற துணிச்சலை அவை கொண்டுவந்தன. அதன் வேர் பணத்தில் இருக்கிறது. 2005இல் மார்வெல் தன் கதாபாத்திரங்களின் உரிமையை ஈடாக வைத்து 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டது. வீட்டு நகையை அடகு வைத்துக் கடை திறப்பதுபோல்தான். ‘அயர்ன் மேன்’ அந்த நகையை மீட்டுக் கொடுத்தது. 2009இல் டிஸ்னி ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு மார்வெலையே வாங்குவதாக அறிவித்தது. அதன் பிறகு படங்கள் ரயில்வே கால அட்டவணைபோல் வரத் தொடங்கின. 2014 அக்டோபரில், 2019 வரைக்குமான வெளியீட்டுத் தேதிகளை மேடையில் அறிவித்தார்கள். அந்த வரிசையின் உச்சப் படத்துக்குச் சொன்ன தேதி 2019 மே 3. பிற்பாடு ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்று பெயர் பெற்ற அந்தப் படம் ஏப்ரல் 26 அன்றே வந்துவிட்டது. நாலரை ஆண்டுக்கு முன் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக! கல்யாண மண்டபம் கிடைத்துவிட்டது, இனி மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான் என்கிற கதை.

தேதி நகராது என்றால் நகர வேண்டியது வேறு ஏதாவது. அதே படத்தில் நாயகர்கள் காலப்பயணத்துக்கு அணியும் வெள்ளை உடை நினைவிருக்கிறதா? அப்படி ஓர் உடையை எந்தத் தையற்காரரும் தைக்கவில்லை. படப்பிடிப்பின்போது அதன் வடிவம் முடிவாகவில்லை. பின்னர் கணினியில்தான் அத்தனை பேருக்கும் அதைப் போர்த்தினார்கள். பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் கலைஞர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அது கச்சிதமாக அமைந்ததே வினையாகிவிட்டது. உடையைக்கூடப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று எல்லாத் தயாரிப்பாளர்களும் கற்றுக்கொண்டார்கள்.

கச்சிதமாக அமையாததும் உண்டு. 2017இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்துக்கு மறுபடப்பிடிப்பு நடந்தபோது, சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அந்தப் படத்தின் தரப்பு மழிக்க விடவில்லை. மீசையோடு நடிக்க வைத்து, கணினியில் மழித்தார்கள். மேலுதடு மட்டும் வேறு யாருடையதோ போல் அசைந்ததைப் பார்த்து உலகமே சிரித்தது. எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. எத்தனை இரவு விழித்து அந்த உதட்டைச் செய்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இதில் சென்னையும் ஹைதராபாத்தும் புனேயும் எங்கே வருகின்றன? 2009 இறுதியில் ‘அவதார்’ ஓடிய ஓட்டத்தில் எல்லோருக்கும் முப்பரிமாண ஆசை வந்தது. தோர், கேப்டன் அமெரிக்கா படங்களும் 2012இன் ‘தி அவெஞ்சர்ஸ்’ படமும் சாதாரணமாக எடுக்கப்பட்டு, பிறகு முப்பரிமாணமாக மாற்றப்பட்டவை. அப்படி மாற்ற, ஒவ்வொரு பிரேமிலும் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக வெட்டி எடுக்க வேண்டும். அதாவது மலைமலையாக ரோட்டோ. அதற்கு ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. மலிவான கைகள் இங்கே இருந்தன. என் தலைமுறையில் பலர் இந்த வேலைக்குள் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். நன்றி கெட்டுப் பேசக் கூடாது. அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கூலிக் கணக்கு எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷாட்டுகளைக் காட்டி விலை கேட்பார்கள். இந்த ஷாட்டுக்கு இத்தனை மேன்-டே, அதாவது ஓர் ஆள் இத்தனை நாள் வேலை என்று நிறுவனம் விலை சொல்லும். பெரும்பாலும் குறைவாகச் சொன்னவருக்கே வேலை. விலை முடிந்தது முடிந்ததுதான். வானம் விடிந்தாலும் இருண்டாலும், கூடுதல் காசை வாங்க வாதாட வேண்டும்; பெரிய வாடிக்கையாளரிடம் வாதாட யாருக்கும் வாய் வராது. எனவே மூன்று நாள் ஷாட் ஏழு நாள் ஆனால், அந்த நான்கு நாளை யாரோ ஒருவர் தன் தூக்கத்திலிருந்து கொடுக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் கோடைக்கால மாலை ஐந்து மணிக்கு அனுப்பும் திருத்தம் நமக்கு விடிகாலை ஐந்தரைக்கு வருகிறது. அங்கே அவர்கள் தூங்கி எழுவதற்குள் இங்கே முடித்துவைக்க வேண்டும்.

இது ஏழை நாட்டுக் கூலிப் பிரச்சினை மட்டுமல்ல. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம், 2013இல் அந்தப் படம் ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் திவால் மனு கொடுத்தது. விருது வாங்கியவர் மேடையில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், ‘ஜாஸ்’ படத்தின் சுறா இசையைப் போட்டு அனுப்பிவைத்தார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பச்சை அட்டைகளோடு நின்றிருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், மார்வெல் நேரடியாக வேலைக்கு வைத்திருந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவில் ஐம்பது பேர் சேர்ந்த அந்தச் செய்தியை இங்கே கைபேசியில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்.

அதே ஆண்டு அங்கே எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். படப்பிடிப்பு நின்றது. அது எங்கள் அறைக்கு வந்துசேரச் சில மாதங்கள் பிடித்தன. வரிசையாக நாற்காலிகள் காலியாயின. நவம்பரில் வந்த ‘தி மார்வெல்ஸ்’ மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைந்த வசூலோடு நின்றது. எண்ணிக்கையைக் குறைக்கப்போவதாக டிஸ்னி சொன்னது. 2025 தொடக்கத்தில், பெரிய விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்களை நடத்திவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் அதை நம்பியிருந்தவர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். ஒரே வகைப் படத்தை நம்பிக் கட்டிய தொழில், அந்த வகை தும்மினால் காய்ச்சலில் படுக்கிறது.

பெற்றோருக்கு என் பதில் இதுதான். சேர்க்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சேருங்கள். விளம்பரத்தில் நாயகன் பறப்பான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் உங்கள் பிள்ளை செய்யப்போவது அவன் முடியை வரைவது. லட்சங்களில் கட்டணம் கேட்கும் நிறுவனத்திடம், அங்கே படித்த ஐந்து பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள், விளம்பரக் காணொளியைக் கேட்காதீர்கள். வேலைக்குச் சேரும்போது டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நான் ஒப்படைத்துவிட்டு, திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்தேன். சுட்டியால் வரையாமல் முதல் நாளிலிருந்தே பேனா டேப்லெட்டில் பழகச் சொல்லுங்கள். என் வலது மணிக்கட்டு இன்றும் மழைக்காலத்தில் கணக்குக் கேட்கிறது. வரையத் தெரிந்த பிள்ளை, புகைப்படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, எந்தக் கருவி வந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மென்பொருளின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. 2023இல் மெட்டா வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ மாதிரியான கருவிகள் ஒரு சொடுக்கில் உருவத்தை வெட்டிக் காட்டுகின்றன. முடியிலும் கலங்கலிலும் இன்னும் தடுமாறுகின்றன. எத்தனை நாளைக்கு என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

இன்னொரு சூப்பர் ஹீரோ படம் வந்து, முடிவுகளைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்தை மாற்றுமா? சூப்பர்மேன், பேட்மேன் கதைகளைக் கொண்ட டி.சி. படங்களின் பொறுப்பை ஏற்ற இயக்குநர் ஜேம்ஸ் கன், திரைக்கதை முடியாமல் படப்பிடிப்புக்குப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கதை சரியாக அமையாத ஒரு படத்தை நிறுத்தியும் இருக்கிறார். முப்பதாண்டுக்கு முன் இதை ஒரு கொள்கை என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று இது செய்தி.

கோடம்பாக்கத்துக்கும் இது பொருந்தும். நம் படப்பிடிப்புத் தளங்களில் இப்போது அதிகம் கேட்கிற வாக்கியம் ‘சி.ஜி.யில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான். மைக் நிழல் விழுந்ததா, பின்னால் டவர் தெரிகிறதா, மழை வரவில்லையா, எல்லாவற்றுக்கும் அதே மருந்து. சென்ற மாதம் ஓர் இளம் இயக்குநர் வந்தார். கையில் ஒரு சூப்பர் ஹீரோ குறும்படம், நல்ல கதை. மொட்டைமாடியில் நாயகன் நிற்கும் காட்சிக்கு என்ன செலவாகும் என்றார். “பின்னால் இரவா, பகலா தம்பி?” என்று கேட்டேன். “எடுத்த பிறகு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன் அண்ணா” என்றார். நம்முடைய அந்த 118 பிரேம் கதையைச் சொல்லி, முடிவு செய்துவிட்டு வாருங்கள், பிறகு விலை பேசுவோம் என்று அனுப்பினேன். கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது: “விடியற்காலை, அண்ணா. பச்சைத் துணிக்கும் சொல்லிவிட்டேன்.”