மீட்டர் பீப் அடிக்கிறது, ஆனால் துப்பாக்கி சுடவில்லை: ட்ரிகர் ஒயரிங் பற்றி

மார்த்தாண்டத்தில் பவர் டூல்ஸ் சர்வீஸ் செய்கிறேன். ட்ரில், கிரைண்டர், வாழைத்தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயர், இவைதான் அன்றாட வேலை. கொஞ்ச நாளாக ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளும் வருகின்றன. 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டைச் சுடும் பேட்டரி துப்பாக்கி. மோட்டார் சுற்றினால் பல்சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுத்து விடும். பிஸ்டன் பாய்ந்து வரும் காற்றில் குண்டு போகும். ட்ரிகர் என்பது அந்த மோட்டாருக்கான ஸ்விட்ச், அவ்வளவுதான். ஆனால் கோளாறில் பாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் பத்தாம் வகுப்பு படிக்கும் மகனோடு வந்தார். "மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க அண்ணே, புதுசு போட்டுத் தாங்க" என்றார். பேட்டரியை மாட்டி அழுத்தினேன். மோட்டார் முனகி, பாதிச் சுற்றில் நின்றது. "மக்கா, சுடும்போது எங்கயாவது சூடாச்சா?" என்று பையனிடம் கேட்டேன். "ட்ரிகர் பக்கம் கை வைக்க முடியல்ல மாமா" என்றான். அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மோட்டார் எரிந்திருந்தால் கைப்பிடியின் அடியில்தான் சூடும், கருகல் வாடையும் இருக்கும்.

முன்பு பார்த்தவர் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (ஒயர் அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, பீப் அடித்ததால் ஒயர் நல்லது என்று முடிவு செய்திருக்கிறார். இந்தத் தப்பை நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சின்ன மின்னோட்டம். கருகிப்போன காண்டாக்டில்கூட (ஸ்விட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் தகடு) அது நுழைந்து போய்விடும். மோட்டார் கேட்பதோ 15 ஆம்பியர், சில நேரம் அதற்கும் மேல். காண்டாக்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், 1.5 வோல்ட் அங்கேயே தின்றுபோகும். 7.4 வோல்ட் பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. 15 ஆம்பியரை 1.5 வோல்டால் பெருக்கினால் 22.5 வாட். என் மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! அந்தச் சூடு முழுவதும் நகத்தளவு பிளாஸ்டிக் ஸ்விட்சுக்குள் இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் மோட்டார் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். முதலில் குண்டு நிரப்பும் மேகசினைக் கழற்றி, குழலில் தங்கிய குண்டையும் வெளியே எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழல் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும். மீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை மோட்டார் பிளஸ்ஸிலும் தொட்டு, தொடர்ந்து சுடும் ஃபுல் ஆட்டோவில் இரண்டு நொடி அழுத்துங்கள். சின்னதாக 0.1, 0.2 வோல்ட் காட்டினால் கவலையில்லை. பிறகு மைனஸிலிருந்து மைனஸுக்கு அதே மாதிரி. எந்தப் பக்கம் வோல்ட் ஏறுகிறதோ கோளாறு அந்தப் பக்கம். கியர்பாக்ஸைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சரி, பேட்டரியே அழுத்தும்போது படுத்துவிடுகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள்.

பையனுடைய துப்பாக்கியில் பிளஸ் பக்கம் 1.9 வோல்ட் போனது. திறந்து பார்த்தால் ட்ரிகர் காண்டாக்ட் கரியாகக் கிடந்தது, மேலே எண்ணெய்ப் பிசுக்கு. ட்ரிகர் இறுக்கமாக இருந்ததென்று வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கதவுக் கீலுக்கும் அதுதானே மருந்து! ஆனால் காண்டாக்ட் பிரியும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும். எண்ணெய் அதில் வெந்து கரியாகும், கரி தடையைக் கூட்டும், தடை இன்னும் சூட்டைக் கிளப்பும். நைஸ் உப்புத்தாளால் கரியை மட்டும் எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், தகடு மெலிந்துவிடும்.

அடுத்து ஒயர். கனெக்டர் பக்கத்தில் இன்சுலேஷனைச் சீவினால் செம்பு கறுத்து, இடையிடையே பச்சைக் களிம்பு. சால்டர் ஒட்டவே மாட்டேன் என்கிறது, முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்துச் சாமான்களில் இது சாதாரணம். உப்புக்காற்றின் ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறிவிடுகிறது. வெட்டி வெட்டிப் பார்த்தேன், நல்ல செம்பு வரவே இல்லை. முழு ஒயரையும் மாற்றினேன். ஸ்பீக்கர் ஒயர் போன்ற மெல்லியது இதற்கு ஆகாது.

என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஷார்ட் ஆனால் கொட்டும் கரண்ட் ஒயரைச் சிவக்க வைக்கும், பேட்டரியே தீப்பிடிக்கும். அதைக் கையில் பிடித்திருப்பது ஒரு பிள்ளை. ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். திரும்பவும் போனால் பல்சக்கரம் இறுகியிருக்கிறதா, மோட்டார் ஒயர் மாறி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சில துப்பாக்கிகளில் மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் இருக்கும். பெரிய கரண்ட் அது வழியாகப் போகும், ட்ரிகர் சிக்னல் மட்டும் கொடுக்கும், கரி பிடிக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் கெடும். அப்போது பேட்டரியை மாட்டிய நொடியிலேயே, ட்ரிகரைத் தொடாமலே, சுட ஆரம்பிக்கும். அதனால் பேட்டரி மாட்டும்போதும் மேகசின் வெளியே இருக்கட்டும்.

எல்லாம் முடித்து ஃபியூஸ் ஹோல்டரும் போட்டு மறுபடி அளந்தேன். 0.15 வோல்ட். பழைய மோட்டார்தான், கணீரென்று சுற்றியது. புது மோட்டாருக்கு என்று கொண்டுவந்த பணத்தில் பையனுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கச் சொல்லி அனுப்பினேன்.