பாட்டியின் புடவையிலிருந்து தொடங்குங்கள்

குடும்பப் படம் எடுக்க நாள் குறித்ததும் என்னிடம் வரும் முதல் கேள்வி, "எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொள்ளலாமா?" என்பதுதான். தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடைகளே அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்குப் புடவை, பெண்ணுக்குப் பாவாடை என்று ஒரே துணியில் சேர்த்து விற்கின்றன. வேண்டாம் என்பதே என் பதில். நெருங்கி உட்காரும்போது ஒருவர் தோள் எங்கே முடிகிறது, அடுத்தவர் கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மடியில் இருக்கும் குழந்தையின் உடம்பு அம்மாவின் புடவையில் கரைந்து, தலை மட்டும் தனியாகத் தெரியும்.

வீட்டில் மூத்தவர் எந்தப் புடவையை உடுத்தப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். அவர் மனத்தை எப்படியும் மாற்ற முடியாது. அது அரக்கு உடலும் மயில்கழுத்துக் கரையும் கொண்ட காஞ்சிபுரம் பட்டு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குக் கரையை ஒட்டிய மங்கலான நீலச் சட்டை, மருமகளுக்கு வெங்காயச் சருகு நிறம், பேத்திக்கு மாம்பழ மஞ்சள், தாத்தாவுக்குச் சந்தன நிறச் சட்டை. எந்த நிறத்தோடு எது சேரும் என்ற வேலையில் பாதியை நெசவாளர் முன்பே முடித்துக் கொடுத்திருக்கிறார்.

"கறுப்பாகத் தெரிவேன்" என்று பயந்து வெளிர் நிறங்களைத் தேடுபவர்கள் நிறைய. பலன் நேர்மாறானது. மாநிற முகத்துக்குக் கீழே பளீர் வெள்ளை இருந்தால், முகத்துக்கு வெளிச்சம் கூட்டும்போது துணியின் மடிப்புகள் வெளுத்து மறையும். துணிக்கு ஏற்பக் குறைத்தால் முகம் இருளும். அரக்கு, கத்தரிப்பூ, பாக்கு நிறங்கள் நம் தோலுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கின்றன என்பதைப் படத்தில் பார்த்த பிறகுதான் பலர் நம்புகிறார்கள்.

துணி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. வெயிலில் கிளிப்பச்சைச் சட்டை அணிந்தவரின் தாடைக்கு அடியில் பச்சை படரும். புல்வெளியில் நின்றால் கேட்கவே வேண்டாம். பளிச்சென்ற சிவப்பில் மடிப்புகள் தெரியாமல் ஒரே திட்டாகிவிடும். கேமரா பதியக்கூடிய சிவப்பின் அளவு சீக்கிரம் உச்சத்தைத் தொட்டுவிடுவதே காரணம். மிக நெருக்கமான கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டைகளும் வேண்டாம். அவை கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சென்சாரின் புள்ளி வரிசையோடு மோதி, துணியில் இல்லாத வண்ண அலைகளைக் கிளப்பும். செட்டிநாட்டுக் கைத்தறியின் பெரிய கட்டங்களால் இந்தத் தொல்லை இல்லை.

ஜரிகை அதிகமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நேரடி ஃபிளாஷில் அது வெள்ளைத் திட்டாகும். பக்கவாட்டில் வரும் சன்னல் வெளிச்சத்தில்தான் பொன்னாகத் தெரியும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி அணிபவர்கள் சாதாரணக் கண்ணாடி ஒன்றையும் கொண்டுவரட்டும்.

குழந்தைகளுக்குப் புதுப் பட்டுப்பாவாடை என்றால் இரண்டு நாள் முன்பே வீட்டில் சற்று நேரம் போட்டுவிட்டுப் பாருங்கள். இடுப்பில் ஜரிகை உறுத்தினால் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்க அவகாசம் இருக்கும். அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்கும் லென்ஸ் எதுவும் என்னிடம் இல்லை.

எல்லா உடைகளையும் தேய்த்து, பகலில், சன்னலோரக் கட்டிலில் வரிசையாகப் பரப்பி, செல்பேசியில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் நிறம் மாறிவிடும். எதை மாற்றலாம் என்று அன்றே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அப்பாவின் சட்டையாகத்தான் இருக்கும்.