ஜாமீனில் வந்ததும் கேஸ் முடிந்துவிடாது

போன வாரமும் ஒரு பையனைப் பிடிவாரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடிதடி வழக்கில் கொஞ்ச நாள் புழலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவன். வந்த கையோடு திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருக்கிறது. ராத்திரி வாகனச் சோதனையில் பெயரைத் தட்டியதும் நிலுவை வாரண்ட் வந்து நின்றிருக்கிறது. மறுபடி ரிமாண்ட். "வெளிய வந்து ஒரு தப்பும் பண்ணலையே சார்" என்று அழுகிறான். பண்ணவில்லைதான். வாய்தாவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது?

ஜாமீன் கிடைத்தால் கேஸ் முடிந்தது என்று யார்தான் இவர்களுக்குச் சொல்கிறார்களோ. நீங்கள் வெளியே வந்த பிறகுதான் வழக்கே நடக்கும். போலீஸ் குற்றப்பத்திரிகை போட வேண்டும், கோர்ட் அதைக் கோப்பில் எடுத்து நம்பர் கொடுக்க வேண்டும், சாட்சி விசாரணை நடக்க வேண்டும், அப்புறம்தான் தீர்ப்பு. "சம்மன் வரலையே" என்பீர்கள். வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு ஊர் மாறினால் சம்மன் பழைய கதவைத்தான் தட்டும். "எதிர்பார்ட்டியோட சமாதானமாயிட்டோம்" என்பீர்கள். அந்தச் சமாதானத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாதவரை வழக்கு அப்படியேதான் இருக்கும். சமாதானமாகவே முடியாத பிரிவுகளும் உண்டு. "வக்கீல் பாத்துப்பார்" என்பீர்கள். உங்கள் போன் நம்பர் மாறியதே எங்களுக்குத் தெரியாதபோது எதைப் பார்ப்பது?

ஜாமீனில் வந்தவர் தகுந்த காரணமில்லாமல் ஆஜராகாவிட்டால் அதுவே தனிக் குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 269-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். முதல் வழக்கில் விடுதலையானாலும் இது ஒட்டிக்கொள்ளும். வீட்டு வரி ரசீதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாரே உங்கள் மாமா, பிணைத்தொகையைக் கட்டச் சொல்லி அவருக்கும் நோட்டீஸ் போகும். அடுத்த முறை உங்களுக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்?

வர முடியாவிட்டால் முந்தின நாளே வக்கீலிடம் சொல்லுங்கள். ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாங்கள் பழக்கத்தில் இன்னும் 317 மனு என்றே சொல்கிறோம், 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 355-வது பிரிவு. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் கொடுத்தனுப்புங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் சிஎன்ஆர் எண்ணை, அதாவது உங்கள் வழக்குக்கென்று கோர்ட் கொடுக்கும் தனி எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வீட்டில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் பார்த்துச் சொல்லும். ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடும் நிபந்தனையால் வேலை கெடுகிறதா? தளர்வு கேட்டு மனு போடுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டால் ஜாமீனே ரத்தாகலாம்.

வேலைக்குச் சேரும்போதே மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ மாதத்தில் ஒருநாள் கோர்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் திடீரென்று போலீஸ் வந்து அழைத்துப் போனால் அந்த இடத்தில் மறுபடி வேலை கிடைக்காது.

ஏற்கெனவே வாரண்ட் ஆகிவிட்டதா? தயவுசெய்து ஓடாதீர்கள். நீங்களே வக்கீலோடு வந்து சரணடைந்து, வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி ரீகால் மனு போடுங்கள். தானாக வந்தவரையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் மாஜிஸ்திரேட் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானத் தகுதி இருந்தால் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்ப்பதே இல்லை.