சுரியில் இழுக்கும் சில்லு, பனியில் நிற்குமா?

பெரும்போக மழை பிடித்துவிட்டால் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டைப் பாதைகளில் கெப் வாகனமும் எருமையைப் போலப் படுத்துவிடும். போன மார்கழியில் எங்களுடையது படுத்தது. நான்கு சில்லும் இழுக்கும் வாகனம்தான். ஆனால் பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றும் சேற்றுச் சுரியை வாரி இறைக்க, மற்ற இரண்டும் அசையவே இல்லை.

அன்றிரவு கனடாவிலிருந்து மருமகன் பேசினான். "மாமா, இங்கே பனி கொட்டுகிறது. நான்கு சில்லு வாகனம் வாங்கினால் பயமில்லாமல் ஓடலாமா?" நான் பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவன். ஆனாலும் வழுக்கலின் கணக்கு எங்கும் ஒன்றுதான்.

வளைவில் வெளிச்சில்லு கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்காக இரு சில்லுக்கும் நடுவே டிபரன்ஷல் என்ற பற்சக்கரத் தொகுதி இருக்கிறது. வேகம் வேறுபட அது இடம்கொடுக்கும். சில்லைச் சுழற்றும் முறுக்குவிசையை மட்டும் இரண்டுக்கும் சமமாகவே பகிரும். ஒரு சில்லு சுரியில் பிடிப்பின்றிச் சுற்றினால் அதற்குத் தேவைப்படும் விசை சொற்பம். அந்தச் சொற்பமே தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் போகிறது. முன்னும் பின்னும் ஒவ்வொன்று வழுக்கினால் கதை முடிந்தது.

எங்கள் உழவு இயந்திரக்காரர்களுக்கு இதற்கு மருந்து தெரியும். இடது, வலது சில்லுகளுக்கு அதில் தனித்தனி பிரேக் உண்டு. வீணாகச் சுற்றும் சில்லின் பிரேக்கை மெல்ல மிதித்தால் அதற்கு வேலை கூடும். மற்றச் சில்லுக்கும் அதே அளவு விசை கிடைக்கும். இயந்திரம் முக்கிக்கொண்டு மேலேறும். இன்றைய கார்களில் சில்லு வழுக்கும்போது கணினி செய்வதும் இதே வேலைதான். வரம்போரத்தில் கால் செய்ததைக் கணினி செய்கிறது, அவ்வளவே.

இதெல்லாம் புறப்படுவதற்கும் ஏறுவதற்கும். நிற்பது வேறு விஷயம். எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சில்லிலும்தான் பிடிக்கிறது. எத்தனை சில்லு இழுக்கிறது என்பதற்கு அங்கே வேலையில்லை. தரைப் பிடிப்பைச் சொல்லும் எண்ணான உராய்வுக் குணகம் உலர்ந்த தார் வீதியில் ஏறக்குறைய 0.7, இறுகிய பனியில் 0.2. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வாகனம் பிரேக் பிடித்த பின் தாரில் சுமார் 9 மீற்றரில் நிற்கும். பனியில் 31 மீற்றர் வேண்டும். நான்கு சில்லும் இழுப்பதால் சட்டென்று வேகம் எடுக்கிறது, ஓட்டுபவருக்குத் தைரியம் வருகிறது. பனியில் அந்தத் தைரியம்தான் எமன்.

ஆகவே முடுக்கியை மெல்ல அழுத்தவேண்டும். பனியில் சில்லு வீணாகச் சுற்றினால் அடியிலுள்ள பனி உருகி, மீண்டும் உறைந்து கண்ணாடியாகிவிடும். புதைந்தாலோ செங்குத்தான இறக்கம் வந்தாலோதான் மெதுவாக, பலமாக இழுக்கும் 'லோ' கியர். சாதாரண பனி வீதிக்கு 'ஹை' போதும். நெம்புகோலால் முன்னச்சையும் பின்னச்சையும் பூட்டும் வகையானால், தார் வெளியே தெரியும் இடத்தில் பூட்டை எடுத்துவிடவேண்டும். வழுக்காத தரையில் திருப்பும்போது அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி, வாகனம் கொக்கியில் மாட்டியதுபோல் இழுபடும். மண்முனைப் பாலத்தில் பூட்டை எடுக்காமலே ஏறி, கொக்கட்டிச்சோலை வளைவில் நான் பட்டிருக்கிறேன்.

பிடிப்பைத் தருவது கடைசியில் டயர்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பனிக்கால டயர் குளிரிலும் மிருதுவாக இருக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டக் கட்டாயம். மருமகன் இரு சில்லு இழுக்கும் பழைய காரையே வைத்துக்கொண்டு, பனிக்கால டயர் நான்கு வாங்கினான். எங்கள் கெப்பை மறுநாள் காலை உழவு இயந்திரம் வந்து இழுத்தெடுத்தது.