உயிரி உணரி: பயோசென்சருக்கு எந்தச் சொல் பொருந்தும்?

விரல் நுனியில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம். சில நொடிகளில் திரையில் 142 என்று வருகிறது. வீட்டில் இதை ‘சுகர் மெஷின்’ என்போம். உயிர்ப்பொருள் ஒன்றை உள்ளே வைத்து, அதன் உதவியால் அளக்கும் கருவிதான் பயோசென்சர். இதில் அது அந்த ஸ்ட்ரிப்தான். அதன் நுனியில் குளுக்கோஸை அடையாளம் காணும் நொதி (என்சைம்) பூசியிருக்கிறது. எடுத்ததும் டப்பாவை மூடிவிடச் சொல்வது இதனால்தான். ஈரம் பட்டால் நொதி கெட்டுப்போகும்.

‘பயோ’ கிரேக்கச் சொல், உயிர் அல்லது வாழ்வு என்று பொருள். ‘சென்சார்’ உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இதற்கு இன்னொரு சங்கடம் உண்டு: சினிமாவுக்குக் கத்தரி போடும் சென்சாரும் இதுவும் ஒன்றாகிவிடும்.

கருவி முதலில் வந்தது, பெயர் பின்னால்தான் நிலைத்தது. அமெரிக்க அறிவியலாளர் லீலண்ட் கிளார்க், ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கும் மின்முனையை (எலக்ட்ரோடு) 1956இல் வெளியிட்டார். 1962இல் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து அடுத்த யோசனையைச் சொன்னார்: அதே மின்முனையின் மேல், மெல்லிய சவ்வுக்குள் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை அடைத்துவிடுவது. நொதி குளுக்கோஸை மாற்றும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். எளிய தந்திரம்தான், ஆனால் அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லையே! 2005இல் அமெரிக்க தேசியப் பொறியியல் அகாடமி கிளார்க்குக்கு 5 லட்சம் டாலர் ரஸ் பரிசு கொடுத்தது. அதே ஆண்டு, 86 வயதில் மறைந்தார்.

சரி, தமிழில்? உயிருணரி, உயிர் உணர்வி, உயிரி உணரி என்று பலவாறு எழுதுகிறார்கள். ‘உணர்வி’ என்றால் உணரச் செய் என்றும் பொருள் வரும். கருவி உணர்கிறது, உணர வைப்பதில்லை. எனவே பூச்சிக்கொல்லி, ஒலிபெருக்கி போல ‘உணரி’யே சரி. ‘உயிருணரி’ என்று சேர்த்து எழுதினால், உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியோ என்று தோன்றும். இங்கே உயிர்ப்பொருள் கருவிக்குள்ளேயே இருக்கிறது. உயிரி எரிபொருள் என்றால் உயிரியிலிருந்து கிடைத்த எரிபொருள் என்றுதானே புரிந்துகொள்கிறோம்? அந்த வழியில் ‘உயிரி உணரி’, இடைவெளி விட்டு, என்பதே என் தேர்வு.

கையில் கட்டும் வாட்ச் ஒளியை வைத்து நாடித்துடிப்பை அளக்கிறது. அதையும் பயோசென்சர் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்குள் நொதியும் இல்லை, வேறு உயிர்ப்பொருளும் இல்லை. அதை வெறும் உணரி என்றாலே போதும்.