கீழே உட்கார்ந்திருக்கும் கழுகுக்குஞ்சை உடனே தூக்காதீர்கள்

ஜூன் கடைசி வாரம் பிறந்துவிட்டால் எங்கள் மையத்தில் ஃபோன் ஓயாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் வெண்தலைக் கழுகுக் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளம்பும் நேரம் அது. "பெரிய பழுப்புக் கழுகு ஒன்று எங்கள் தோட்டத்துப் புல்லில் உட்கார்ந்திருக்கிறது, ரெண்டு நாளாகப் பறக்கவே இல்லை, ரெக்கை உடைஞ்சிருக்கும் போல, உடனே வாங்க" என்று ஒரே மாதிரிச் செய்திதான் வரும். காயம்பட்ட காட்டுப் பறவைகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். ஆனால் ஜூலை மாதத்தில் நான் பார்க்கும் வேலையில் பாதி, வைத்தியமே வேண்டாத பறவையிடமிருந்து நல்ல மனசுள்ள மனிதர்களைத் தள்ளி நிறுத்துவதுதான்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். இதன் ஆங்கிலப் பெயர் 'பால்ட் ஈகிள்' (bald eagle), அதை மொட்டைக் கழுகு என்று மொழிபெயர்க்கிறவர்களும் உண்டு. மொட்டையெல்லாம் இல்லை, 'பால்ட்' என்ற அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் வெள்ளை. அந்த வெள்ளைத் தலையும் வெள்ளை வாலும் வர நாலைந்து வருடம் ஆகும். கூட்டை விட்ட குஞ்சு தலை முதல் வால் வரை கரும்பழுப்பு, அலகும் கருமை, கண்ணும் பழுப்பு. போதாக்குறைக்கு, பார்வைக்குப் பெற்றோரைவிடப் பெரிதாக வேறு தெரியும். உடம்பு பெரிது என்பதால் அல்ல, முதல் வருடத்துச் சிறகிறகுகளும் வாலிறகுகளும் வளர்ந்த கழுகுக்கு இருப்பதைவிட நீளமானவை. அகலமான சிறகு மெதுவாகப் பறக்கும்போதும் தாங்கிப் பிடிக்கும், புதிதாகப் பழகுகிற பறவைக்கு அது பெரிய உதவி. "இவ்வளவு பெரிய பறவைக்கா பறக்கத் தெரியாது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆமாம், தெரியாது. அதன் வயது பத்துப் பன்னிரண்டு வாரம்தான்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது, எனக்கே ஐந்தாறு முறை வந்திருக்கிறது: தாய்க்கழுகு கூட்டின் மெத்தையை உருவிவிட்டு முள் குத்தவிடும், அப்புறம் குஞ்சை உச்சியிலிருந்து தள்ளிவிட்டு, கீழே விழுவதற்குள் முதுகில் தாங்கிக்கொள்ளும், பிள்ளைகளை அப்படி வளர்க்க வேண்டும் என்று. முழுக்கக் கட்டுக்கதை. கழுகு யாரையும் தள்ளுவதில்லை, முதுகில் சுமப்பதும் இல்லை. அதைவிட ஆச்சரியம், வேட்டையாடுவது எப்படி என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. பெற்றோர் செய்கிற முக்கியமான வேலை ஒன்றுதான். குஞ்சு பறக்க ஆரம்பித்த பிறகும் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் வரைக்கும் சாப்பாட்டை நிறுத்தாமல் கொண்டுவந்து போடுவது. வயிற்றுக்கு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அது மற்றதையெல்லாம் தானாக விழுந்து எழுந்து கற்றுக்கொள்கிறது.

இதற்கு நல்ல சாட்சி நியூயார்க் மாநிலம். டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, 1970களின் நடுவில் அங்கே ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம், அதற்கும் குஞ்சு பொரிக்கவில்லை. 1976 முதல் 1988 வரை 198 குஞ்சுகளை, பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து, உயரமான மேடைகளில் கூண்டு கட்டி வளர்த்தார்கள். மனித முகம் தெரியாமல் மறைவிலிருந்து மீன் போட்டார்கள், பறக்கும் வயது வந்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள், அதன் பிறகும் மேடையில் மீன் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா அம்மா இல்லை. பறந்து காட்ட யாருமில்லை. பறக்கவும் மீன் பிடிக்கவும் அவை தாமாகவே கற்றுக்கொண்டன. இன்று அந்த மாநிலத்தில் நூற்றுக்கணக்கான கூடுகள் இருக்கின்றன.

சரி, என்னதான் கற்றுக்கொள்கிறது? கூட்டில் இருக்கும்போதே காற்றுக்கு எதிராகச் சிறகை விரித்துக் குதிக்கும், அப்புறம் பக்கத்துக் கிளைக்குத் தாவும், திரும்பி வரும். இந்தப் பருவத்துக் குஞ்சைக் 'கிளையேறி' என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் பலத்த காற்றடித்தோ கால் தவறியோ கீழே வந்துவிடும். முதல் பறத்தல் என்று நாம் நினைப்பதில் கணிசமானவை உண்மையில் தவறி விழுந்தவைதான். கிளம்புவது சுலபம், இறங்குவதுதான் பாடு. மெல்லிய நுனிக்கிளையில் போய் உட்காரப் பார்த்துத் தலைகீழாகத் தொங்கும், மரத்தில் மோதும், தண்ணீரில் விழும். தண்ணீரில் விழுந்தால் இரண்டு சிறகையும் துடுப்புப் போட்டு நீந்திக் கரையேறும். அதைப் பார்த்து "கழுகு மூழ்குகிறது" என்று படகை எடுத்துக்கொண்டு விரட்டாதீர்கள். அதுபாட்டுக்கு வரட்டும்.

எனக்குப் பிடித்தது அதன் விளையாட்டு. ஒரு குச்சியைக் காலில் பற்றிக்கொண்டு மேலே போகும், நடுவானில் விட்டுவிடும், பாய்ந்து பிடிக்கும். புல் திட்டின்மேல் இறங்கி அதை முயல் மாதிரி மிதித்து அமுக்கும். பைன் காய், பிளாஸ்டிக் பாட்டில், எது கிடைத்தாலும் வேட்டைதான். சிரிப்பு வந்தாலும், பின்னால் மீனைப் பிடிக்கப்போகிற கால் பழகுவது இப்படித்தான்.

போன வருடம் மிசிசிப்பி ஆற்றோரம் ஒரு பண்ணையிலிருந்து அழைப்பு. வயதான அம்மா ஒருவர், இரண்டு நாளாகச் சோயாபீன் வயல் ஓரத்தில் கழுகு உட்கார்ந்திருக்கிறது என்றார். போனேன், காரை விட்டு இறங்கவில்லை, பைனாகுலரில் பார்த்தேன். நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு சிறகும் ஒரே மட்டத்தில் மடங்கியிருக்கின்றன. நாய் குரைத்தால் தலை திரும்புகிறது. எல்லாவற்றையும்விட, கழுத்துக்குக் கீழே தீனிப்பை, கோழிக்கு இருக்குமே அதேதான், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகப் புடைத்திருந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்த பறவைக்கு அப்படி இருக்காது. யாரோ ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. நாயைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். மூன்று மணி நேரம் கழித்து வெள்ளைத் தலை ஒன்று ஆற்றுப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை மீனை வயலில் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. குஞ்சு வாத்து மாதிரி ஆடி ஆடி ஓடி, மீன்மேல் ஏறிச் சிறகைக் குடையாக விரித்து மூடிக்கொண்டது. பங்கு கேட்க அங்கே யாருமே இல்லை, இருந்தாலும் அப்படித்தான். மறுநாள் வைக்கோல் உருளை மேல், அதற்கடுத்த நாள் தாழ்ந்த ஒரு கிளையில். ஐந்தாம் நாள் காணோம்.

இந்தப் பொறுமை எனக்கு முதலிலேயே இருந்ததா என்றால் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதே மாதிரி ஒரு குஞ்சை, வீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தாங்க முடியாமல், போர்வை போட்டுப் பிடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வழியில் பெட்டிக்குள் அடித்துக்கொண்டதில் வாலிறகு நாலு முறிந்துவிட்டது. முறிந்த இறகு அடுத்த வருடம் உதிர்ந்து முளைக்கும் வரை வராது, எடுத்து வைத்த பழைய இறகுகளை ஒட்டித்தான் சரிசெய்தோம். அதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன, பெற்றோர் ஊட்டும் காலம் முடிந்துவிட்டது. கடைசியில் இலையுதிர் காலத்தில் மற்ற கழுகுகள் கூடும் இடத்தில் விட்டோம். பிழைத்ததா, தெரியாது. அதற்கு நோய் எதுவும் இருக்கவில்லை, என் அவசரம்தான் இருந்தது.

அப்படியானால் எப்போது கூப்பிட வேண்டும்? ஒரு சிறகு மட்டும் தொங்கினால், ரத்தமோ ஈக்கூட்டமோ தெரிந்தால், நிற்க முடியாமல் வாலில் சாய்ந்து உட்கார்ந்தால், தலை தொங்கினால், வாய் திறந்து மூச்சு வாங்கினால், நீங்கள் பத்தடிக்குள் வந்தும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், எச்சம் பளிச்சென்ற பச்சையாக இருந்தால், அல்லது ஒரு முழுப் பகல் தள்ளி நின்று பார்த்தும் பெரிய கழுகு எதுவும் அந்தப் பக்கம் வராவிட்டால், உடனே கூப்பிடுங்கள். ரோட்டு நடுவில் இருந்தாலும் கூப்பிடுங்கள். இறகே சரியாக முளைக்காத குஞ்சு கூட்டோடு விழுந்திருந்தால் அது வேறு விஷயம், அதை மரத்தில் செயற்கைக் கூடு கட்டியாவது திரும்ப ஏற்றுவோம். மனிதர் தொட்ட வாசனைக்குப் பெற்றோர் ஒதுக்கிவிடும் என்பதும் பொய்தான். ஆனால் நீங்களாகத் தொடவேண்டாம், அலகைவிட நகம்தான் பயம். தண்ணீரும் கோழிக்கறியும் வைக்கவும் வேண்டாம். கூடு பக்கத்தில் இருந்தால் 330 அடியாவது தள்ளி நின்று பாருங்கள், ட்ரோன் விடாதீர்கள். கீழே கிடக்கும் இறகை ஆசைக்கு எடுத்துக்கொண்டு போவதும் இங்கே சட்டப்படி குற்றம், அது பலருக்குத் தெரியாது.

இதுவரை சொன்னது விழுந்து எழுந்து கற்றுக்கொள்ளும் தப்புகள். ஒரே தப்பில் ஆள் முடிந்துவிடுகிற பொறிகளும் இருக்கின்றன, அத்தனையும் நாம் வைத்தவை. முதலாவது மின்கம்பம். விரித்த சிறகு ஆறேழு அடி, கம்பத்தில் உட்காரும்போது இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் முடிந்தது. அயோவா மாநிலத்து டெகோரா கூட்டை கேமரா வழியாக லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் அதில் வளர்ந்த மூன்று குஞ்சுகளில் இரண்டு அந்த வருடமே கரண்ட் அடித்துச் செத்தன. கழுகு நடமாடும் இடத்தில் கம்பிகளுக்கிடையே 60 அங்குலமாவது இடைவெளி வேண்டும், அல்லது உறை போட வேண்டும். கம்பத்தடியில் செத்த பறவையைப் பார்த்தால் கம்பத்தின் எண்ணைக் குறித்து மின் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், அந்தக் கம்பத்துக்கு உறை போட வைக்க அதுதான் வழி.

இரண்டாவது ரோடு. மூன்றாவது ஈயம், நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். காலக்கணக்கைப் பாருங்கள். செப்டம்பர் வாக்கில் பெற்றோர் ஊட்டுவதை நிறுத்திவிடும். குஞ்சுக்கு இன்னும் மீன் சரியாகப் பிடிக்க வராது, அதனால் செத்ததைத்தான் தேடித் தின்னும். நவம்பரில் துப்பாக்கி மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது, வேட்டைக்காரர்கள் குடலை எடுத்துக் காட்டிலேயே போட்டுவிட்டு உடம்பை மட்டும் கொண்டுபோவார்கள். ஈயத் தோட்டா உடம்புக்குள் நூற்றுக்கணக்கான துணுக்காகச் சிதறுகிறது, அந்தக் குடலிலும் இருக்கும். அனுபவமில்லாத பிள்ளைக்கு அதுதான் விருந்து. அரிசி மணியளவு ஈயம் போதும் ஒரு கழுகைக் கொல்ல. தலை தொங்கிக்கொண்டு, இறக்கை சரிந்து, பச்சை எச்சத்தோடு வரும். ரத்தச் சோதனை சில நிமிடத்தில் சொல்லிவிடும், ஈயத்தைக் கட்டி வெளியேற்றும் ஊசியும் இருக்கிறது, ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். 2022இல் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்த ஆய்வு ஒன்று வந்தது, வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டிலும் கிட்டத்தட்ட பாதிக்கு எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு. 1963இல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களில் 417 ஜோடியாகக் குறைந்திருந்த இனம் இன்று 71,000 ஜோடியைத் தாண்டிவிட்டது, அதனால் யாருக்கும் அவசரமாகத் தெரிவதில்லை.

உங்களோடு வேலை பார்க்கும் யாராவது மான் வேட்டைக்குப் போகிறவராக இருந்தால் செப்புத் தோட்டாவைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். அது அவ்வளவாகச் சிதறாது. நாம் மட்டும் என்ன, வார இறுதியானால் ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்கிற தமிழ்க் குடும்பங்களை நான் பார்க்காமலா இருக்கிறேன்? தூண்டில் நரம்பு சிக்கினால் அறுத்து அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள், தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுக்குப் பதில் டங்ஸ்டன் குண்டு கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூடுதல்தான்.

அந்தச் சோயாபீன் வயல் அம்மா ஆகஸ்ட் நடுவில் மறுபடி ஃபோன் செய்தார். ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டுதான் எடுத்தேன். வேலியில் காயப்போட்டிருந்த அவருடைய தோட்டக் கையுறையை ஒரு பழுப்புக் கழுகு தூக்கிக்கொண்டு போய், வயலுக்கு மேலே போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம், இன்னும் ஒன்றுதான் மிச்சம், என்ன செய்யட்டும் என்றார். அதையும் வேலியிலேயே விட்டுவிடுங்கள் என்றேன்.