சொல் விளக்கம்: ஒலிநூல்

ஆடியோபுக் என்பதற்கு ஒலிப்புத்தகம், கேட்புநூல், ஒலிநூல் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஒலிநூல் என்பதே என் தேர்வு.

இதன் முதல் பெயர் 'பேசும் புத்தகம்'. 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்காக நூல்களை வாசித்து இசைத்தட்டுகளில் பதித்தார்கள். ஒரு நாவலுக்கே பல தட்டுகள் தேவைப்பட்டன. ஆடியோபுக் என்ற பெயர் பரவியது பின்னாளில், ஒலிநாடாக் காலத்தில். லத்தீனில் 'ஆடியோ' என்றால் 'கேட்கிறேன்'. கேட்புநூல் என்பது அதன் நேர் பெயர்ப்பு. பிழையில்லை, ஆனால் நாவில் தடுக்குகிறது.

புத்தகம் என்பது 'புஸ்தக' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஏட்டுக் கட்டு, தாள் கட்டு என்று கையில் பிடிக்கும் பொருளையே அது நினைவூட்டும். நூல் அப்படியல்ல. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் அதை நூற்கும் தொழிலோடு ஒப்பிடுகிறார்: சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவர் நூற்பவர், அவருடைய வாயே கை, அறிவே நூல் நூற்கும் கதிர். இந்த உவமையில் ஓலையும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. வாயால் நூற்கப்படுவதுதான் நூல்! அதைக் காதால் கேட்பதற்கு ஒலிநூல் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. மின்னூல் என்ற சொல்லோடும் இது இணையாக நிற்கிறது.

இனி மின்னூலும் ஒலிநூலும் தனித்தனியாக இருக்கப் போவதில்லை. 2011இல் வந்த ஈபப் 3 என்ற மின்னூல் வடிவம், எழுத்தையும் குரலையும் ஒரே கோப்பில் முறுக்கிவிட வழி செய்தது. குரல் நகர நகர வரியும் ஒளிரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய துணை! தமிழ்ப் பதிப்பாளர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

படிக்கும் கருவிக்கு 'மின்படிப்பான்' என்கிறார்கள். நான் 'மின்வாசிப்பான்' என்பேன். செய்தி வாசிப்பது, வீணை வாசிப்பது என்று ஒலி எழுப்புவதும் வாசித்தல்தானே. 2009இல் வந்த அமேசானின் கிண்டில் 2 என்ற கருவி மின்னூலைத் தானே வாசித்துக் காட்டியது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஒலி உரிமை பறிபோகிறது என்று எதிர்த்ததால், எந்த நூலை வாசிக்க விடலாம் என்பதை உரிமையாளரே முடிவு செய்ய அமேசான் இடம் கொடுத்தது.

தமிழில் இயந்திரக் குரலுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. தீவினையைச் சொல்லும் பாவமும் நாட்டியத்தில் முகத்தில் தோன்றும் பாவமும் எழுத்தில் ஒன்று, ஒலிப்பில் வேறு. தீ ஏந்தும் பந்தமும் உறவைச் சொல்லும் பந்தமும் அப்படியே. எழுத்தைப் பார்த்து மட்டும் இயந்திரம் இவற்றைப் பிரிக்க முடியாது. வரியின் பொருள் தெரிந்தாக வேண்டும். நல்ல வாசிப்பாளர் கண்ணை ஓட்டும்போதே இதைச் செய்துவிடுகிறார். அதனால், மனிதர் வாசித்துப் பதிந்ததை மட்டும் ஒலிநூல் என்றும், கருவி அப்போதைக்கப்போது உருவாக்கும் குரலை 'இயந்திர வாசிப்பு' என்றும் வேறுபடுத்தி எழுதுகிறேன்.